வறுத்த விதைக்கு ஊற்றிய தண்ணீர்

பியர்பொன்ட்ஸ், மான்ட்ரியல்
18-9-1977, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று முதலில் ஒரு வரி எழுதுவேனே, அதை இந்தத் தடவை எழுதவில்லை. அந்த வரியை எழுதி எழுதித்தான் உன்னைத் தொலைத்தேன். இனி உனக்கு உள்ளதை உள்ளபடிதான் எழுதுவது என்று இருக்கிறேன், அதனால் சொல்கிறேன், நான் நன்றாக இல்லை. ரத்தக் கொதிப்பு ஏறி இருக்கிறதாம், மாத்திரை ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. போன மாதம் பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு வீங்கிப் போயிற்று, எலும்பு முறியவில்லை, எதிர் வீட்டு பாலகிருஷ்ணன் டாக்டர்தான் கட்டுப் போட்டார். ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சுகிறது, மறுநாளும் அதையே தின்கிறேன். சாயங்காலம் அப்பா வரும் ஐந்தே முக்கால் ரயில் ராக்ஸ்பரோ ஸ்டேஷனில் நிற்கும் நேரத்துக்கு இன்னும் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் நினைவு வருகிறது.

பாலகிருஷ்ணனும் பத்மாவும் டொராண்டோவுக்குப் போகிறார்கள். போன நவம்பரில் தேர்தல் முடிந்ததிலிருந்தே இந்தத் தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள், இப்போது பிரெஞ்சுச் சட்டமும் வந்துவிட்டது, பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்று பத்மாவுக்கு ஒரே கவலை. வீட்டை விற்றுவிட்டுக் கூடவே வந்துவிடச் சொல்கிறாள், தனியாக இந்தப் பனியில் யார் வழி வெட்டிக் கொடுப்பார்கள் என்கிறாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழுத்தக்காரி என்று திட்டிவிட்டுப் போயிருக்கிறாள். போகாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ போய் ஐந்து மாதமாகிறது. மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது. உன் புரொபசர் அனுதாபம் எழுதியிருந்த கடிதத்தில், ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி நீ டாக்டர் பட்டத்துக்கான பரீட்சைக்கு உட்காரவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பரீட்சைக்காக உன்னிடம் மறைத்தேனோ அந்தப் பரீட்சையே இல்லை என்றாகிவிட்டது. நம் வீடுகளில் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் உலகத்தையே நிறுத்திவைப்போம், ரேடியோவை அணைப்போம், விருந்தாளியை வரவேண்டாம் என்போம், எங்கள் அம்மா இறந்த செய்தியையே என் தம்பிக்கு பி.எஸ்ஸி. கடைசிப் பேப்பர் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அப்போது அது சரி என்றுதான் நானும் நினைத்தேன். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே தவிர அவனுக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி, கத்தி வைக்க முடியாது, ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேனா தானாகவே எழுதிற்று, நானும் அப்பாவும் சௌக்கியம் என்று. பிறகு அதுவே பழகிவிட்டது. பிப்ரவரியில் நீ போன் செய்தாயே, அப்பா எங்கே என்றாயே, மெட்ரோ சுரங்க ரயிலுக்காக செயின்ட்-மிஷேல் பக்கம் மண் எடுத்துப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். அப்போது அவர் உள்ளறையில் படுத்திருந்தார், என் குரல் அவருக்குக் கேட்டிருக்கும். மூன்று மாதத்தில் பதினோரு கடிதம் அப்படி எழுதியிருக்கிறேன். எண்ணிச் சொன்னவள் நீதான்.

இப்போது அந்தக் கொட்டை விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பாதி தெரியும், மீதி தெரியாது.

போன அக்டோபர் பதின்மூன்றாம் தேதி நீ ஆராய்ச்சி செய்கிற குன்றிலிருந்து அனுப்பின பார்சல் வந்தது, பின்யோன் பைன் மரத்துக் கொட்டை இரண்டு பவுண்டு. கூடவே எட்டுப் பக்கக் கடிதம். அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அந்தக் குன்றுகளில் பின்யோனும் ஜூனிப்பரும் ஒன்றாகத்தான் வளரும், கீழே பாலைவனத்துக்கும் மேலே பெரிய மரக்காட்டுக்கும் நடுவில் இந்த இரண்டும்தான் இருக்கும் என்று எழுதியிருந்தாய். ஜூனிப்பர் முதலில் வந்து காய்ந்த மண்ணில் வேரூன்றும், அதன் நிழலில்தான் பின்யோன் கன்று பிழைக்கும், வெட்டவெளியில் முளைத்தால் முதல் கோடையிலேயே கருகிப் போகும். ஒரு காய் முற்ற மூன்று கோடை ஆகும், அதிலும் வருடா வருடம் காய்க்காது, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை சீமை முழுக்க எல்லா மரமும் சேர்ந்து காய்க்கும். விதைக்கு இறக்கை இல்லாததால் காற்று கொண்டுபோகாது, நீலப் பறவைகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வந்து தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு போய் மண்ணில் புதைத்து வைக்கும், புதைத்த இடத்தையும் மறக்காது, அதில் தின்னாமல் விட்டது முளைக்கும். எலிகள் சேர்த்துவைத்த குப்பைக்குள் பத்தாயிரம் வருஷத்து ஜூனிப்பர் இலை எலி மூத்திரத்தில் உறைந்து கெடாமல் கிடக்கிறது என்று படித்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு மாடு மேயப் புல் வேண்டும் என்று இரண்டு புல்டோசருக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களை வேரோடு சாய்க்கிறார்கள், அதற்குப் பிறகு போய் எந்தக் கன்று மிஞ்சியிருக்கிறது என்று குனிந்து எண்ணுவதுதான் உன் வேலை என்று படித்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. 'மண்ணுல ஓட்டை போட்டே என் காலம் போச்சு, என் பொண்ணு அதுல என்ன மொளைக்குதுன்னு பாக்குறா' என்றார். அந்தச் சந்தோஷத்தோடு அன்று சாப்பிட்டார். எனக்கு என்னவோ உன்மேல் கோபம்தான் வந்தது, கல்யாண வயதில் இந்தப் பெண் வெயிலில் மரக்கன்று எண்ணிக்கொண்டிருக்கிறதே என்று.

மறுநாள் நான் செய்தது இது. வெளியிலிருந்து எது வந்தாலும், ரவையோ சேமியாவோ வேர்க்கடலையோ, வண்டு வராமல் இருக்க வாணலியில் ஒரு புரட்டு வறுத்து டின்னில் போட்டு மூடுவது என் பழக்கம், உனக்குத் தெரியாததா. அதே மாதிரி இரண்டு பவுண்டையும் வறுத்து பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்தேன். சாயங்காலம் வந்ததும் வாசனை பிடித்துக்கொண்டு அப்பா அடுப்படிக்கே வந்தார். கடைசி ஈடு வாணலியில் இருக்கும்போது பக்கத்தில் நின்று, சூட்டோடு ஓட்டைக் கடித்துக் கடித்து வாயில் போட்டுக்கொண்டார். இதை மறக்காமல் வைத்துக்கொள், பின்னால் வரும்.

டாக்டர்கள் சொன்னதற்கு அடுத்த வாரம் அப்பா, கழுவி வைத்திருந்த தயிர் டப்பா ஆறை எடுத்து அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். கீழறையில் அவர் வைத்திருந்த மண்ணை நிரப்பினார். பிஸ்கட் டின்னிலிருந்து பன்னிரண்டு கொட்டையை எடுத்து டப்பாவுக்கு இரண்டாகப் புதைத்துத் தெற்கு ஜன்னலில் வரிசையாக வைத்தார். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, அது வறுத்ததாச்சே என்று. அவர் முகத்தைப் பார்த்தேன். நோய் அவர் ஞாபகத்தையும் தின்றுவிட்டது, தான் நின்று தின்றதையே மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. 'தெனம் தண்ணி ஊத்து அனுசூயா, கொஞ்சமா, கரண்டியால' என்றார். ஊற்றினேன். மார்ச் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் காலையில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒன்றரை மணி நேரம் இரண்டு பஸ் மாறிப் போய் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வி அதுதான், முளைத்ததா என்று. வலியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நானும் இல்லை, இல்லை என்று எத்தனை நாள் சொல்வது. மார்ச் இருபதாம் தேதி, ஒன்று முளைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்றாவது டப்பாவில், அவரைக்கொட்டை முளைக்கிற மாதிரி பளிச்சென்று இரண்டு இலை விட்டிருக்கிறது என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லதாயிற்று என்றார். அதிலிருந்து தினமும் அந்தச் செடியை வளர்த்தேன் மங்கை, வாயாலேயே வளர்த்தேன். மூன்றாவது இலை, நாலாவது இலை, அரை விரல் உயரம்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், தெளிவாக இருந்தார். 'மங்கையக் கூப்பிடலாமா அனுசூயா' என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான், இருபத்தைந்தாம் தேதி பரீட்சை முடியட்டும், முடிந்த அன்றைக்கே தந்தி அடிக்கிறேன், இன்னும் மூன்று வாரம்தானே என்றேன். டாக்டர் ஆறு மாதம் என்று சொன்னதை நம்பி நாள் கணக்குப் போட்டேன் பாவி. அவர் தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவில்லை. பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டார். நீ என்மேல் எத்தனை கோபப்பட்டாலும் இந்த ஒரு மத்தியானத்துக்கு அது போதாது.

உனக்கு அடித்த தந்தி இரண்டு நாள் காலேஜ் ஆபீசிலேயே கிடந்திருக்கிறது, நீ குன்று மேல் கூடாரத்தில் இருந்தாய். உடம்பை வைத்திருக்கக் கூடாது என்று இங்கே பெரியவர்கள் சொன்னார்கள், எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை, வியாழக்கிழமை எரித்துவிட்டோம், பாலகிருஷ்ணன்தான் பிள்ளை ஸ்தானத்தில் நின்றார். வெள்ளிக்கிழமை நீ வந்தாய். செருப்பில் செம்மண், கையில் மரப்பிசின் கறை. அழவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டாய். தை மாதத்திலிருந்து என்றேன். பையிலிருந்து என் கடிதங்களை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாய். பத்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. பிறகு நீ ஜன்னலில் டப்பாக்களைப் பார்த்துவிட்டு என்ன என்றாய். அப்பா விதைத்தார், மூன்றாவதில் ஒன்று முளைத்து வாடிவிட்டது என்று அப்போதும் வாய் கூசாமல் சொன்னேன் பார். நீ மூன்றாவது டப்பாவில் விரலை விட்டுத் தோண்டினாய். இரண்டு கொட்டையும் முழுசாக வந்தது. ஒன்றைப் பல்லில் கடித்து உடைத்து முகர்ந்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. 'அப்பாகிட்டயும் எல்லாரும் சௌக்கியம்னுதான் சொல்லிட்டிருந்தியா' என்று கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டாக்சி கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் போன புதன்கிழமை ஒன்று நடந்தது. கீழறையில் பழைய பிரிட்ஜ் இருக்கிறதே, புளியும் ஊறுகாயும் வைப்போமே, அதில் அப்பா தன் கேமராவுக்குப் புது பிலிம் வாங்கி வைத்திருப்பார். பாலகிருஷ்ணனுக்காவது பயன்படட்டும் என்று எடுக்கப் போனேன். ஆறு பிலிம் டப்பா இருந்தது. ஐந்தில் பிலிம். ஆறாவதில் பிளாஸ்திரி ஒட்டி அப்பா கையெழுத்து. '13-10-76. பச்சை விதை 12. ஈர மணல்.' பார்சல் வந்த அன்றைக்கே, நான் வாணலியை எடுப்பதற்கு முதல் நாளே, தனியாக எடுத்து வைத்திருக்கிறார். உடனே மேலே ஓடி வந்து உன் எட்டுப் பக்கக் கடிதத்தைத் தேடிப் படித்தேன். விதையைக் குளிரில் ஈர மணலில் இரண்டு மாதம் வைத்தால் நன்றாக முளைக்கும் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். ஏழாம் பக்கத்தில், பின்யோன் முளைக்கும்போது இலை இரண்டாக வராது, எட்டுப் பத்து ஊசி குடை விரித்த மாதிரி சுற்றி வரும் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறாய். அதிலும் கோடு.

அவருக்குத் தெரியும் மங்கை. வறுத்தது என்று தெரிந்தேதான் விதைத்திருக்கிறார். நான் இரண்டு இலை என்று சொன்னபோது பொய் என்று தெரிந்தேதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு அப்படிச் செய்தார் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். தினமும் காலையில் நான் எழுந்து செய்ய ஒரு வேலை வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நோயை விட்டுப் பேச ஒன்று வேண்டும் என்று கொடுத்திருப்பாரோ. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. நான் அவரிடம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் என்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நாள் அழுதிருக்கலாம். உன்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அழுதிருக்கலாம். அந்த ஒரு மாதத்தை இல்லாத செடிக்குச் செலவு செய்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் வாசலில் படியோரமாகப் படர்ந்து ஒரு பச்சைப் புதர் இருக்கிறதே, அது ஜூனிப்பர்தானாம். போன அக்டோபரில் அப்பா அவளிடம் போய் பொன்ஜூர் சொல்லி, கையும் காலும் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததை ஜன்னலில் பார்த்தேன், எதற்கென்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை நானே போய் உடைந்த இங்கிலீஷில் கேட்டேன். வசந்தத்தில் என் மகள் வருவாள், அவளோடு வந்து உன் புதர் நிழலில் ஒரு சின்ன மரம் நட்டுக்கொள்கிறோம், சரியா என்று கேட்டாராம். சரி என்றாளாம். அவர் எங்கே என்று அவள் கேட்டாள். இந்தத் தெருவில் அவளுக்கு மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது. நான் சொன்னதும் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கூடவே அழுதாள், எனக்கும் அவளுக்கும் பாஷை இல்லாதது அன்றைக்கு நல்லதாகவே இருந்தது.

அதனால்தான் நான் டொராண்டோ போகவில்லை. உனக்கு இப்போது காய் முற்றுகிற காலம், குன்றிலிருந்து இறங்க முடியாது என்று தெரியும். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. முடித்துக்கொண்டு வா. பதினோரு மாதம் குளிரில் கிடந்த விதைக்கு இன்னும் உயிர் இருக்குமா என்று உனக்குத்தான் தெரியும். செத்துப் போயிருந்தால் செத்துப் போயிருக்கிறது என்று என் முகத்துக்கு நேராகச் சொல், தாங்கிக்கொள்கிறேன். உனக்கு வர மனமில்லை என்றாலும் அதையாவது ஒரு வரி எழுது. என்னை மன்னிக்கிறேன் என்று மட்டும் வாய்க்கு வந்தபடி எழுதிவிடாதே, நிஜமாக மனதில் வந்தால் எழுது. குளிரில் காதை மூடிக்கொள், அந்தச் சங்கிலி இழுக்கிற வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதே, தலைக்கு எண்ணெய் வை. பரீட்சையை எப்போது எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அப்போது எழுது, இனி அதைப் பற்றி நான் கேட்க மாட்டேன். சாமி உனக்குத் துணை இருக்கட்டும், அப்பா ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

மறக்காதே, டப்பா பிரிட்ஜில் கீழ்த்தட்டில், புளி ஜாடிக்குப் பின்னால் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் திறக்கவில்லை.

இப்படிக்கு,
சௌக்கியமாக இல்லாத
உன் அம்மா,
அனுசூயா மணிவாசகம்